மாதிரி வாக்கியம்

மதிய வெயில் சன்னல் வழியே கணினித் திரையில் விழுந்து கண் கூசுகிறது. தமிழ் வாக்கியத்தைப் பிரித்துப் புரிந்துகொள்ள இயந்திரத்தைப் பழக்கும் அலுவலகம் இது. எந்தச் சொல் எந்தச் சொல்லோடு சேரும் என்று கோடு போட்டுக் காட்டுவது அவள் வேலை. வாக்கியப் பஞ்சம் வந்ததும், ஊழியர்களின் பழைய விடுப்புக் கடிதங்களைப் பெயரை மட்டும் நீக்கிவிட்டு இயந்திரத்துக்குள் கொட்டிவிட்டார் மேலாளர். ‘அம்மாவுக்கு மூச்சுத் திணறுவதால் இன்று ஒருநாள் மட்டும் விடுப்புத் தந்து உதவுங்கள்.’ இப்போது திரையில் வந்து நிற்கும் இது அவளே எழுதியது. ‘முடியாது’ என்று ஒற்றைச் சொல்லில் அவர் பதில் போட்டது. அன்று சாயங்காலம் அவள் போய்ச் சேர்ந்தபோது அம்மாவின் முகத்தை மூடியிருந்தார்கள். முதுகுக்குப் பின்னால் தேநீர் உறிஞ்சும் சத்தம் கேட்கிறது. “யாரு எழுதினதோ, ஒரே அழுமூஞ்சி வாக்கியம்!” என்று சிரிக்கிறார் மேலாளர். “ஆனா மெஷின் இதைக் கப்புனு பிடிச்சுக்குதும்மா. இதே மாதிரி பத்து எழுதிப் போடுங்க. அம்மாவைத் தூக்கிட்டு அப்பா, பிள்ளைனு யாரையாவது வைங்க.” “சரிங்க சார்,” என்கிறாள். அம்மாவை அழிக்கிறாள். காலியான இடத்தில் கர்சர் துடிக்கிறது. ‘மேலாளருக்கு’ என்று நிதானமாகத் தட்டுகிறாள். அந்தச் சொல்லிலிருந்து மூச்சுத் திணறலுக்கு, ஒரு பிசகும் இல்லாமல், இயந்திரம் கோடு போடுகிறது.