இன்டகிரேட்

இந்தத் தடவையும் விடை சரியாகத்தான் இருந்தது. ஒரு படிகூடத் தவறவில்லை. ஆனால் போட்ட கணக்கைப் படம் பிடித்து அனுப்பியிருந்த விஜிதா, அதற்குக் கீழே வழக்கம்போல ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள்: 'இன்னமும் என்னால் இன்டகிரேட் பண்ண முடியவில்லை, அப்பா.'

மூக்காண்டிக்கு ஒன்றும் விளங்கவில்லை. சங்கரன்கோவிலில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு அவர் காலமெல்லாம் நடத்துவது அந்த இன்டகிரேஷன் என்கிற தொகையிடல் கணக்கைத்தான். டெல்லி காலேஜில் சேர்ந்திருக்கும் சொந்த மகளுக்கு அது வரவில்லை என்றால் வெளியே சொல்லவா முடியும்?

"அவ கணக்குல நூத்துக்கு நூறுல்லா எடுத்தா?" என்றாள் மனைவி மாலா. "ஒரு போனப் போட்டுத்தான் கேளுங்களேன்."

"காலேஜ் கணக்கு வேறட்டி. ஒனக்குத் தெரியாது."

போனில் மகளிடம் 'சாப்பிட்டியா'வுக்கு மேல் அவருக்குப் பேச்சு வராது. கணக்கு என்றால் வரும். முதல் தடவை அவள் அப்படி எழுதியபோதே ஒரு கணக்கை எழுதி அனுப்பினார். சாயங்காலத்துக்குள் விடை வந்துவிட்டது.

அன்றிலிருந்து தினமும் ஒரு கணக்கு. ஒவ்வொன்றும் முந்தியதைவிடக் கடினம். விஜிதா ஒன்றைக்கூட விடவில்லை. அந்த வரியையும் விடவில்லை. ரயிலேற்றிவிடும்போது, "இனிமே எல்லாத்தையும் இங்கிலீஷ்லயே எழுது மக்கா, பழகணும்லா" என்று சொல்லி அனுப்பியதும் அவர்தான்.

ஒருநாள் கூடுதலாக ஒரு வரி வந்தது. 'முயன்று பார்த்தேன். சிரிக்கிறார்கள்.' வகுப்பில் தப்பாகப் போட்டிருப்பாள் என்று நினைத்து, அன்றைக்கு இரண்டு கணக்காக அனுப்பினார்.

பள்ளிக்கூடம் விட்டு பஸ் ஸ்டாண்டில் நின்றபோது மனசு கேட்கவில்லை. திருவேங்கடம் போகிற பஸ்ஸுக்காக நின்றிருந்த இங்கிலீஷ் டீச்சர் சண்முகசுந்தரியிடம் போனை நீட்டினார்.

"பாருங்க டீச்சர். எல்லாம் சரியாத்தான் போடுதா. பொறவும் வரலைங்கா."

டீச்சர் போனை வாங்கி, மேலே தள்ளித் தள்ளிப் படித்தாள். கணக்குகளை அவள் பார்க்கவே இல்லை.

"சார், இவ கணக்கச் சொல்லல."

"பொறவு?"

"கணக்குப் புஸ்தகத்துக்கு வெளிய அந்தச் சொல்லுக்கு வேற அர்த்தம் உண்டு சார். புதுசா ஒரு எடத்துக்குப் போனவங்க அங்க உள்ள ஆளுகளோட கலந்து ஒட்டிக்கிடுததுக்கும் இங்கிலீஷ்ல இன்டகிரேட்னுதான் எழுதுவாங்க." போனைத் திருப்பிக் கொடுத்தாள். "பிள்ளை அங்கன தனியாக் கெடக்கு சார்."

திருவேங்கடம் பஸ் வந்தது. டீச்சர் ஏறாமல் நின்றாள்.

மூக்காண்டி மகளின் எண்ணைத் தேடி அழுத்துவதற்குள் இரண்டு தடவை தப்பிப்போனது.

"என்னப்பா இந்நேரம்? அம்மா நல்லாருக்காளா?"

"நல்லாருக்கா. ஏட்டி... ஒங்கூட அங்கன யாரும் பேசலையா?"

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"நான் வாயத் தொறந்தாலே சிரிக்காளுகப்பா. சாப்பிடப் போனா, நான் உக்காந்த மேசைல ஒருத்தியும் வந்து உக்கார மாட்டா. நானும் எவ்வளவோ பாத்துட்டேன்."

மூக்காண்டி துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். பஸ் ஸ்டாண்டு என்பதெல்லாம் அவருக்கு நினைவில்லை.

"நான் ஒரு கோட்டிக்காரன், கணக்கு கணக்கா அனுப்பிக்கிட்டுக் கெடந்தேன். 'இது இல்லப்பா'ன்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா மக்கா? நீயும் ஏன் ஒண்ணு விடாமப் போட்டு அனுப்புன?"

"போட்டு அனுப்புனாத்தானப்பா, மறுநாளும் நீங்க எனக்கு எழுதுவீங்க."