இருபத்துமூன்று வயது இரத்தம்

“இது எழுபது வயதுக் கிழவன்ர இரத்தம். ஆரை ஏமாத்தப் பாக்கிறீர்?”

பேராசிரியர் இராஜரத்தினம் முடிவுத்தாளை மேசையில் ஓங்கி அடித்தார். வயது ஏற ஏற இரத்தத்தில் கூடும் ஒரு நொதியத்தை அடக்க மருந்து தேடிக்கொண்டிருந்தார். ஊரடங்குக்கும் கலவரத்துக்கும் நடுவே பேராதனைப் பல்கலைக்கழகத்தில் அந்த ஆய்வை இழுத்துக்கொண்டு வந்ததே பெரும்பாடு. இப்போது உதவியாளர் சத்தியபாமா இளைஞரின் இரத்தம் இருந்த குழாயையும் முதியவரின் குழாயையும் மாற்றிவைத்து எல்லாவற்றையும் கெடுத்துவிட்டாள் என்றே நினைத்தார்.

“மாறேல்லை சேர். இருபத்துமூண்டு வயதுப் பெடியன்தான். திரும்பவும் செய்து பாத்தனான்.”

“பொய் சொல்லாதையும். அந்த ஆளைக் கூட்டிக்கொண்டு வாரும்.”

கூட்டிக்கொண்டு வந்தாள். தலை முழுக்க நரை. முன்பற்கள் இல்லை. கதிரையைப் பிடித்துத்தான் அந்த மனிதரால் உட்கார முடிந்தது.

இராஜரத்தினத்துக்குக் கோபம் தலைக்கேறியது. “இவரோ உம்மட பெடியன்? உமக்குக் கண் தெரியாதோ?”

கதிரையில் இருந்தவர்தான் வாய் திறந்தார்.

“அவவை ஏசாதேங்கோ சேர். என்னைத் தெரியேல்லையோ? நான் யோகேந்திரன். போன வருசம் உங்கட வகுப்பில முன் வாங்கில இருந்தனான். பிடிச்சுக்கொண்டு போனவங்கள் போன கிழமைதான் ஆமி முகாமில இருந்து விட்டவங்கள்.”

இராஜரத்தினம் தாளை மறுபடி எடுத்துப் பார்த்தார். அதில் ஒரு பிழையும் இல்லை.

கோபம் கொஞ்சமும் இறங்கவில்லை. ஆனால் அதைக் கொட்டவேண்டிய முகாம் வாசலில் துவக்கு ஏந்திய சிப்பாய்கள் காவல் நின்றார்கள்.