கண்ணாடித் தட்டில்

"எந்த மேதாவி சொன்னான், இதைக் குடிக்கச் சொல்லி?"

மேசைமேல் இருந்த காளான் பொடி டப்பாவைத் தூக்கிக் காட்டிக் கேட்டாள் ஆராய்ச்சிக்காரி. அத்தான் அந்த டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

உள்ளறையில் அக்கா தூங்கிக்கொண்டிருந்தாள். ஐந்து மாதமாக ஊசியும் இல்லை, மருந்தும் இல்லை என்பதே இன்று காலை டாக்டர் கையை விரித்த பிறகுதான் இவளுக்குத் தெரிந்தது.

"போன்ல கேட்டப்பல்லாம் வைத்தியம் நடக்குதுன்னு சொன்னீங்களே அத்தான்?"

"நடக்குதுன்னுதான் நினைச்சோம்மா."

"ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக உங்களுக்குக் கால் வலிச்சுதா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். இந்த மனுஷனுக்குச் சொரணையே கிடையாதா என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஒன்பது வருஷமா இதே காளானோட மாரடிக்கறேன். நாங்க சோதிக்கறது கண்ணாடித் தட்டுல வளர்க்கற புற்றுநோய் செல்லுல. தட்டுல செத்தா உடம்புக்குள்ளயும் சாகும்னு யார் சொன்னா? படிச்சவர்தானே நீங்க?"

"தட்டுலன்னு எங்களுக்குத் தெரியாதும்மா" என்றார் மெதுவாக.

"தெரியலைன்னா கேக்கணும். ஒருத்தியைக் கொன்னுட்டு உக்காந்திருக்கக் கூடாது."

சொன்ன பிறகு அவளுக்கே சுருக்கென்றது. ஆனாலும் கோபம் அடங்கவில்லை. பொடியைக் கொட்டிவிடலாம் என்று டப்பாவோடு சமையலறைக்கு நடந்தாள்.

"அதைத் திறக்காதே" என்று அத்தான் பதறி எழுந்தார்.

அதற்குள் திறந்துவிட்டாள். மூடிக்குள் நாலாக மடித்த செய்தித்தாள் துண்டு. அதில் அவள் படம். 'புற்றுநோயைக் கொல்லும் காளான்: பெண் விஞ்ஞானி சாதனை.'

அன்றைக்கு அந்த நிருபர் போனில் கேட்டது நினைவுக்கு வந்தது. "மேடம், 'கண்ணாடித் தட்டில்'னு சேர்த்தா தலைப்பு நீளுது. எடுத்துடட்டுமா?"

"எடுத்துடுங்க, பரவாயில்ல" என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தாள்.

துண்டோடு அவர் பக்கம் திரும்பினாள். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அத்தான்?"

"யார் யாரோ சொன்னப்ப உங்க அக்கா நம்பல. நீ சொன்னதும் நம்பிட்டா. குணமானதும் உன் முன்னால வந்து நிக்கணும்னு இருந்தா."

"இப்பவாவது சொல்லியிருக்கலாமே. நான் அவ்வளவு பேசினப்பவும் ஏன் சும்மா இருந்தீங்க?"

அத்தான் அந்தத் துண்டை வாங்கி, பழைய மடிப்பிலேயே மடித்தார்.

"காலையில டாக்டர் சொன்னதுமே உங்க அக்கா என்கிட்ட சத்தியம் வாங்கிட்டா. 'இது தங்கச்சி கண்ணுல பட வேண்டாம், அவ தாங்க மாட்டா. கேட்டா, தப்பு உங்களுதுன்னே இருக்கட்டும்'னு."