மூன்றாவது அடி

அன்று காலை சர்க்கஸ் கூடாரத்தில் ஒத்திகைக்கு இருந்தவர்கள் நால்வர்: கத்தி வீசும் மாசிலாமணி, பலகையில் முதுகு ஒட்டி நின்ற அவர் மனைவி ரெஜினா, முரசடிக்கும் மருதப்பன், மாசிலாமணியின் அண்ணன் ஞானாதிக்கம். வேறு யாரும் இல்லை.

மூன்று தலைமுறையாக அந்தக் குடும்பத்துக் கத்தி ஒரு சொட்டு ரத்தம் பார்த்ததில்லை. முரசின் மூன்றாவது அடிக்குக் கத்தி கிளம்பும். ரெஜினாவின் தலையோரம் பலகையில் பாயும். பதினோரு வருடமாக அதே தாளம். சில நாட்களாகத்தான், கத்தி கிளம்பும் முன்பே அவள் தலை இடப்பக்கம் விலகுவதை ஞானாதிக்கம் கவனித்தார்.

"தலையை ஆட்டாதே. புருஷன் குறியில் பெண்டாட்டிக்கே நம்பிக்கையில்லை என்று நாலு பேர் சிரிப்பார்கள்."

"நானா ஆட்டுறேன், அத்தான்? மூணாவது அடி விழுந்தா அதுவாப் போகுது. வேணும்னா நீங்க வந்து நில்லுங்க."

மருதப்பன் சிரிப்பை அடக்கிக்கொண்டார். ஞானாதிக்கம் தம்பியின் காதில் சொன்னார்: "இந்தத் தடவை வீசாதே. ஓங்கிக்கொண்டு சும்மா நில். பழக்கம் விட்டுப்போகும்."

மூன்றாவது அடி விழுந்தது. மாசிலாமணி ஓங்கிய கையோடு நின்றார். ரெஜினாவின் தலை விலகியது. பலகையில் 'தொக்' என்ற சத்தம் நால்வருக்கும் கேட்டது. அவள் நெற்றி இருந்த இடத்தில் இரண்டு அங்குல ஆழத்துக்குப் புதிய வெட்டு. கீழே ஒரு கற்றை முடி.

"ஏங்க இவ்வளவு கிட்ட வீசினீங்க?" என்றாள் ரெஜினா.

அன்று மாசிலாமணியின் குறி தப்பியதாக ஒரு பேச்சு உண்டு. அது பொய். கத்தி அவர் கையிலேயே இருந்தது. அண்ணன்தான் விரல்களைப் பிரித்து வாங்கினார்.