கபினி அறையின் ரகசிய மீட்டிங்

கபினி என்று ஆற்றின் பெயர் வைத்த மீட்டிங் ரூமில் தினமும் மத்தியானம் ஆறு பேர் உட்கார்கிறார்கள். யார் அந்த ஆறு பேர் என்று ஆபீஸில் ஒருவருக்கும் தெரியவில்லை.

பாமாவுக்கே தெரியவில்லை என்பதுதான் விசேஷம். பெங்களூர் ஒயிட்ஃபீல்டில் இருந்த அந்த ஆபீஸில் எந்த அறை எத்தனை மணி நேரம் காலியாகக் கிடக்கிறது என்பதை அவளுடைய டேஷ்போர்டு நிமிஷக் கணக்கில் சொல்லிவிடும். கூரையில் பதித்த சென்சார்கள் தலைகளை எண்ணும். சாஃப்ட்வேர் அதைக் கலர் கலராகப் போட்டுக் காட்டும். எந்த மீட்டிங் ரூம்கள் வீண் என்று கண்டுபிடித்து மூடுவது கம்பெனியின் திட்டம்.

கபினியை தினமும் பன்னிரண்டரை முதல் ஒன்றேகால் வரை புக் செய்திருந்தவர் சீனிவாசராகவன். டேட்டா பிரிவின் தலைவர். யாராவது ஒரு நிமிஷம் தாமதமாக வந்தால்கூட, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே குட்மார்னிங் சொல்கிற மனிதர். மீட்டிங்குக்கு அவர் வைத்திருந்த பெயர் 'டேட்டா கவர்னன்ஸ் ரிவ்யூ – ரகசியம்'. யாருக்கும் அழைப்பு போகவில்லை. ஆனால் சென்சார் மட்டும் ஆறு தலை என்றது.

"ஆளைக் குறைக்கப் போறாங்க. லிஸ்ட் அங்கதான் ரெடியாகுது" என்றான் பக்கத்து சீட் க்ளென். பிரேசர் டவுன்காரன். எந்தச் செய்தியும் முதலில் அவனுக்குத்தான் வரும். பாதி அவனே தயாரிப்பது.

சாயங்காலத்துக்குள் அந்த மாடியே ரெஸ்யூமேவைத் தூசி தட்டியது. நாலு மணிக்கு டீ குடிக்கப் போனால் ஐந்து மணிக்குத் திரும்புகிறவர்கள், டீயை சீட்டுக்கே கொண்டு வந்து குடித்தார்கள்.

பாமா வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம்தான். லிஸ்ட் என்று ஒன்று இருந்தால் முதல் பெயர் தன்னுடையதுதான் என்று நினைத்தாள். பொறுக்க முடியாமல் எல்லோருடைய ஐ.டி. கார்டு பதிவுகளையும் எடுத்துப் பார்த்தாள். அந்த நேரத்தில் சீனிவாசராகவனைத் தவிர மேனேஜர்கள் அத்தனை பேரும் கேன்டீனில் இருந்தார்கள். அப்படியானால் கபினிக்குள் இருப்பது யார்?

மறுநாள் பன்னிரண்டே முக்காலுக்கு எழுந்தாள். வழியில் சீனிவாசராகவன் தன் சீட்டிலேயே உட்கார்ந்து தயிர் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். காலண்டரில் பார்த்தால் அவர் மீட்டிங்கில் இருக்கிறார். என்ன மனுஷன் இவர் என்று பாமாவுக்கு எரிச்சல் வந்தது. நேராகப் போய் கபினியின் கதவைத் திறந்தாள்.

நீல யூனிஃபார்மில் ஆறு பெண்கள். மேஜை முழுக்க டிபன் பாக்ஸ். சாம்பார் வாசனை.

தினமும் அவள் மேஜையைத் துடைக்கிற அம்மா பதறி எழுந்தாள். எட்டு மாதத்தில் இன்றுதான் பாமா அவள் சட்டையில் குத்தியிருந்த பெயரைப் படித்தாள். சந்திரம்மா.

"சார்தான் இங்க உக்காரச் சொன்னாரு மேடம். கேன்டீன்ல நாங்க உக்காரக் கூடாதுன்னு கான்ட்ராக்ட்காரங்க ரூல். கீழ ஜெனரேட்டர் பக்கத்துல நின்னுக்கிட்டே சாப்பிடுவோம். ஒருநாள் சார் பாத்துட்டாரு."

இவர்களுக்கெல்லாம் கார்டு கொடுத்தது கான்ட்ராக்ட் கம்பெனி. அதனால் பாமாவின் டேட்டாவில் இவர்கள் இல்லவே இல்லை. "நீங்க சாப்பிடுங்கம்மா" என்று கதவை மெதுவாகச் சாத்திவிட்டு வந்தாள்.

அதற்குள் விஷயம் கை மீறியிருந்தது. அழைப்பே இல்லாமல் நடக்கும் மீட்டிங்கை சாஃப்ட்வேர் தானாகவே சிவப்பாக்கி, எம்.டி.க்கும் அமெரிக்காவிலிருக்கும் தலைமை அலுவலகத்துக்கும் மெயில் தட்டிவிட்டது. பாமா சீனிவாசராகவனிடம் ஓடினாள். ரிப்போர்ட்டிலிருந்து கபினி பற்றிய அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துவிடட்டுமா என்று கேட்டாள்.

"டேட்டாவுல கை வைக்காதே" என்றார் அவர், டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே. "பேரைக் கேட்டாலே ஒருத்தனும் எட்டிப் பார்க்கமாட்டான்னு நினைச்சு அப்படி வச்சேன். கேட்டா உள்ளதைச் சொல்லிடறேன். நீ உன் ரிப்போர்ட்டைப் படி."

வெள்ளிக்கிழமை ரிப்போர்ட் கூட்டம். சுவர்த் திரையில் அமெரிக்காவின் பெரிய தலை ஒருவர் உட்கார்ந்திருந்தார். பாமா ஒவ்வொரு அறையாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். கபினி வந்ததும் அவள் குரல் இறங்கிவிட்டது. திரையில் இருந்தவர் நிறுத்தச் சொன்னார். தினமும் நடக்கிற இந்த ரகசிய மீட்டிங் என்ன, எனக்கு ஏன் இதுவரை தெரியாது, பெங்களூரில் உங்களுக்காவது தெரியுமா என்று எம்.டி.யைக் கேட்டார்.

எம்.டி. ஒன்றும் புரியாமல் பாமாவைப் பார்த்தார். க்ளென்னைப் பார்த்தார். க்ளென் தன் ஷூவைப் பார்த்தான்.

சீனிவாசராகவன் எழுந்து சட்டையை இழுத்து விட்டுக்கொண்டார். "சார், அது வந்து..."

"நீங்க உட்காருங்க ராகவன்" என்று எம்.டி. அவசரமாகக் கையமர்த்தினார். பிறகு திரையைப் பார்த்து நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அது என்னோட ஐடியா. ரிசல்ட் ரொம்ப நல்லா வருது. அந்த ரூமை யாரும் தொடக் கூடாது. முக்கால் மணி நேரம் பத்தலைன்னு நானே நினைச்சேன், நாளையிலேர்ந்து ஒரு மணி நேரமா ஆக்கிடுங்க."