ஆரணி ஷெபீல்டுக்குப் போறாளாம்

"அம்மா, நான் சொன்னதெண்டு ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ. யோகராணி அன்ரியின்ர ஆரணி லண்டனுக்குப் படிக்கப் போறாளாம்."

பிரிட்ஜுக்குள் தலையை விட்டபடி நரேன் இதைச் சொன்னான். குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்த அவனுடைய அம்மா சுஜீவாவின் கத்தி பாதியில் நின்றது.

"ஆர் சொன்னது?"

"அவளே சொன்னவள். லண்டன் டவுனுக்கில்லை, அங்க எல்லாம் நெருப்பு விலை. ஷெபீல்ட் எண்டு வடக்கில ஒரு சிட்டி. அறை வாடகை மலிவாம். பக்கத்தில மலை, பின்னேரத்தில பாட்டுக் கச்சேரி, ஊர் முழுக்கப் படிக்கிற பிள்ளையளாம்."

தயிரைத் தின்று முடித்து, கோப்பையை வழக்கம்போல மேசையிலேயே விட்டுவிட்டு அவன் போய்விட்டான். மீன் அப்படியே கிடந்தது.

யோகராணியும் சுஜீவாவும் ஒரே வருடம் சிட்னிக்கு வந்தவர்கள். வென்ட்வேர்த்வில்லில் இரண்டு பேருக்கும் அடுத்தடுத்த தெருவில் வீடு. யோகராணி வீட்டில் எது முளைத்தாலும் அது சுஜீவாவின் நெஞ்சுக்குள்தான் வேர் விடும். அங்கே குசினியை உடைத்துக் கட்டினார்கள். இங்கேயும் சுத்தியல் சத்தம் கேட்டது. ஆரணிக்குப் பரதநாட்டிய அரங்கேற்றம் நடந்தது. தாளமே பிடிபடாத நரேன் அடுத்த வருடம் அதே மண்டபத்தில் மிருதங்கத்தோடு வியர்த்துக் கொட்டினான்.

ஆனால் இது வேறு விஷயம். சுஜீவாவுக்கு இருப்பது ஒரே பிள்ளை. போன வருடம் அவன் வெளிநாட்டில் மாஸ்டர்ஸ் செய்யப் போகட்டுமா என்று கேட்டதற்கே அவள் சாப்பிடாமல் படுத்துவிட்டாள். பரமட்டாவுக்கு ரயில் ஏறினால் யூனிவேர்சிட்டி வாசலில் கிடக்கிறது, கடல் கடந்து போய்த்தான் படிக்கவேண்டுமோ என்று அழுதாள். அதற்குப் பிறகு அவன் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

சனிக்கிழமை ரயில் ஸ்டேஷனடியிலுள்ள மரக்கறிக் கடையில் யோகராணி முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றாள். நேரே கேட்டுவிட முடியாது. பிள்ளை வெளிநாடு போகிற கதையை விசா கைக்கு வருமுன் யாரும் வெளியில் விடுவதில்லை. கண்ணூறு நாவூறு பட்டுவிடும். சொல்வது புத்தியில்லை, கேட்பது மரியாதையில்லை.

"ஆரணி என்ன செய்யிறா, அக்கா?" என்றாள் சுஜீவா, பொதுவாக.

"இஞ்சதான், ஏதோ படிக்கிறாள். உங்கட நரேன்?"

"அவனும் இஞ்சதான்."

யோகராணி ஒரு முருங்கைக்காயை முறுக்கிப் பார்த்தாள். "இஞ்சயே இந்தக் குளிர். லண்டன் பக்கம் சனம் எப்பிடித்தான் இருக்குதோ, என்ன சுஜி?"

கேட்டுவிட்டுச் சுஜீவாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். வேண்டுமென்றே குத்துகிறாள் என்று சுஜீவாவுக்கு விளங்கியது. வாங்க வந்த கறிவேப்பிலையை மறந்து வீட்டுக்கு வந்தவள், செருப்பைக் கழற்றுமுன்பே மகனைக் கூப்பிட்டாள்.

"அந்த ஷெபீல்டுக்கு நீயும் அப்ளை பண்ணு."

டிவி பார்த்துக்கொண்டிருந்த கணவர் விக்னராஜா திரும்பினார். பிள்ளையும் போய்விட்டால் நீயும் நானும் சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்கிறதோ என்று கேட்டார். அந்தக் கேள்வி சுஜீவாவின் தொண்டையிலும் நின்றதுதான். ஆனால் கோயில் வீதியில் சேலைத் தலைப்பை இழுத்துவிட்டபடி, 'மகள் லண்டனில படிக்கிறாள்' என்று யோகராணி சொல்லும் காட்சி அதைவிடப் பெரிதாகத் தெரிந்தது.

ஆரணியின் ஊரைவிட ஒரு படி மேலான ஊர் கிடைக்காதா என்று அவள் தேடச் சொன்னாள். நரேன் மான்செஸ்டர் வாடகையைக் காட்டினான், பிறிஸ்டல் வாடகையைக் காட்டினான், இரண்டுக்கும் உதட்டைப் பிதுக்கினான்.

"ஆரணி வீட்டுக்காரர் எல்லாத்தையும் பாத்துத்தானம்மா ஷெபீல்டை எடுத்திருக்கினம். நாங்கள் ஏன் கூடக் குடுக்கோணும்?"

அந்த நியாயம் அவளுக்குப் பிடித்தது. யோகராணி கணக்குப் பார்த்தால் பிழை வராது.

பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தன. விசாவும் வந்தது. அப்போதும் சுஜீவா ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. இரவில் மட்டும் மகனின் அறை வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போவாள்.

செப்டம்பரில், விமான நிலையத்தில், அதே விமானத்துக்கு யோகராணி குடும்பமும் வந்து நின்றது. பல மாதங்களாகச் சேர்த்து வைத்திருந்த வசனத்தைச் சுஜீவா நிமிர்ந்து நின்று எடுத்துவிட்டாள்.

"எங்கட நரேனும் ஷெபீல்டுக்குத்தான், அக்கா."

யோகராணியின் முகம் சுருங்கும் என்று பார்த்தாள். சுருங்கவில்லை. பிள்ளைகள் இரண்டு பேரும் முன்பின் தெரியாதவர்கள்போல ஒரு 'ஹாய்' சொல்லிவிட்டு, அம்மாமாரைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்துவிட்டு, உள்ளே போகும் வரிசையில் சேர்ந்தார்கள். அவ்வளவுதான், இரண்டு தாய்மாருக்கும் உடைந்துவிட்டது. இத்தனை வருடப் போட்டியும் எங்கே போனதோ, ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து அழுதார்கள்.

"எனக்கு இவளை அனுப்பக் கொஞ்சமும் விருப்பமில்லை, சுஜி," என்றாள் யோகராணி மூக்கை உறிஞ்சியபடி. "இஞ்சயே படியடி எண்டு கத்திக்கொண்டிருந்தனான். உங்கட நரேன் ஷெபீல்டுக்குப் போறானெண்டு வந்து சொன்னாளே, அதுக்குப் பிறகுதான் நானும் ஓமெண்டனான்."

சுஜீவாவின் அழுகை சட்டென்று நின்றது. "எப்ப சொன்னவள்?"

"நாங்கள் முருங்கைக்காய்க் கடையில கண்டமெல்லே, அதுக்கு முதல் நாள். ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ எண்டு சத்தியமும் வாங்கினவள்."

சுஜீவா நிமிர்ந்து வரிசையைப் பார்த்தாள். தின்ற கோப்பையைக்கூட எடுத்து வைக்காத அவளுடைய மகன், ஆரணி கேட்காமலேயே, பழகிய கையால் அவளுடைய பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டான்.