பீப்பாய்க்குப் பின்னால் ஒரு ஷூ

"வேலைக்குப் புதுசுதான், பரவாயில்லை. எதிர் ஆபீஸ் கேப்டனை மட்டும் சுட்டுடுங்க, கோப்பை நமக்கு!" என்று மேனேஜர் போருக்கு அனுப்புவதுபோல் அவளிடம் சொன்னார்.

ஆபீஸ்களுக்கிடையே நடந்த லேசர் துப்பாக்கி விளையாட்டு அது; அந்தத் துப்பாக்கியை அவள் தொட்டதே அன்றுதான். இருட்டரங்கில் தட்டுத்தடுமாறிப் போனவள், பீப்பாய்க்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருந்த ஷூவைப் பார்த்தாள். தோல்வியே அறியாத எதிரணி கேப்டன்!

சிரிப்பு வந்தது. "இங்க யாரையுமே காணோமே!" என்று உரக்கச் சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள்.

உடனே, சுடப்பட்டதற்கு அடையாளமாக அவள் முதுகில் சிவப்பு விளக்கு எரிந்தது. கோப்பை போயே போய்விட்டது.

"கைக்கெட்டினவனை ஏம்மா சுடலை?" மேனேஜர் குதித்தார்.

அதற்குள் எதிரணி கேப்டன் கோப்பையோடு ஓடி வந்தான்.

"அக்கா! சின்ன வயசுல கட்டிலுக்கடியில நான் ஒளிஞ்சப்பவும் இதையேதானே சொல்லுவே?"

"இன்னும் காலை நீட்டிக்கிட்டுதானே ஒளியறே! கண்டுபிடிச்சா அழுவியேடா!"

தோல்வியே அறியாத கேப்டன், அவசரமாகக் கோப்பைக்குப் பின்னால் முகத்தை ஒளித்துக்கொண்டான்.